ரோஸ்காமனில் இரண்டு நாட்கள்

(நமது சமுதாயக் கூடத்தில் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பத்தாறு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கம் உண்டு. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் இருக்கிறார்கள். சென்ற மே மாதம் நானும் என் மனைவியும் போயிருந்தோம். கடல் பக்கமாக அழைத்துப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. எனக்குக் கூட்டம் இல்லாத கிராமப்புறம் பார்க்க ஆசை. அப்படித்தான் ரோஸ்காமன் என்ற கவுண்டிக்குப் போனோம். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. டப்ளினிலிருந்து மேற்கே, காரில் சுமார் இரண்டு மணி நேரம்.

எங்கே பார்த்தாலும் புல்வெளி, ஏரி, மாடு, ஆடு. வேலி ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. மைல் கணக்கில் போனாலும் எதிரே ஓர் ஆள் வரவில்லை. "இந்த அமைதியை ஒரு டப்பாவில் போட்டு நம் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால்!" என்றாள் என் மனைவி. நானும் தலையாட்டினேன். அந்த அமைதி எப்படி வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் ரத்க்ரோகன். கொனாக்ட் நாட்டு அரசர்களின் பழைய தலைநகரம். கோட்டை கொத்தளம் எதுவும் கிடையாது. புல் மூடிய மேடுகள்தான். அந்த வட்டாரத்தில் தொல்லியல் இடங்கள் மட்டும் 240க்கு மேல். அவர்களுடைய பெரிய இதிகாசக் கதை இங்கேதான் தொடங்குகிறது. ராணி மேவும் அவள் கணவனும் யாருக்குச் சொத்து அதிகம் என்று ஒருநாள் கணக்குப் பார்க்கிறார்கள். எல்லாம் சமமாக வருகிறது, ஒரு காளையைத் தவிர. அவள் மந்தையில் பிறந்த வெள்ளைக் கொம்புக் காளை கணவன் மந்தைக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாக இன்னொரு காளையைக் கவர்ந்து வரப் படை கிளம்புகிறது. நம் ஆநிரை கவர்தல் ஞாபகம் வந்தது. பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாததால் ஒரு யுத்தம்! பி.காம் படித்தவனுக்கு அந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா?

இரண்டாம் நாள் பார்த்த கணக்கு வேறு மாதிரி. ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற சிற்றூர். அகலமான தெரு, அதன் கோடியில் பெரிய வளைவு, உள்ளே போனால் நம் ஜமீன் பங்களா போல ஒரு மாளிகை. 1979-ல் வண்டி வியாபாரம் செய்த உள்ளூர்க்காரர் ஜிம் காலரி, தொழிலுக்கு இடம் வேண்டும் என்று இந்தச் சொத்தை வாங்கினார். உள்ளே பண்ணை அலுவலகத்தில் பழைய காகிதங்கள் கிடந்தன. எடுத்துப் படித்தார். 1846-ல் குடியானவர்கள் பசி தாங்காமல் எழுதிய விண்ணப்பம் ஒன்றும் அதில் இருந்தது. அவர் அதையெல்லாம் எடைக்குப் போடவில்லை. 1994-ல் அங்கேயே தேசிய பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த சில வருஷங்களில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். அந்த வருஷங்களிலும் தானியம் கப்பலேறி வெளியே போனது.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணைக்கு அப்போது மேஜர் டெனிஸ் மேஹன் சொந்தக்காரர். கடன் ஒருபக்கம், குத்தகைப் பாக்கி ஒருபக்கம். அவருடைய ஏஜெண்ட் கணக்குப் போட்டார். குடியானவர்களை ஏழை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிட, கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவது செலவு குறைவு. 1847 மே மாதம் 1,490 பேர் டப்ளினுக்கு 165 கிலோமீட்டர் நடந்தார்கள். யாரும் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கூடப் போனார். லிவர்பூல் போய்க் கப்பல் ஏறினார்கள். வர்ஜீனியஸ் என்ற கப்பலில் போன 476 பேரில் 158 பேர் கரை சேருமுன்பே இறந்தார்கள். அந்த நவம்பரில் மேஹனைச் சுட்டுக் கொன்றார்கள்.

நானும் லெட்ஜர் எழுதியவன்தான். வராக்கடனைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்திருக்கிறேன். ஆட்களையே அப்படித் தள்ளுபடி செய்த கணக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இருந்திருக்காது. அதுதான் மனதை உறுத்தியது.

இன்னொரு விஷயம். பஞ்ச நிவாரணப் பணத்துக்கு லண்டனில் பொறுப்பாக இருந்து, கையை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் டிரெவெலியன். அவரே 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் இருந்தது, மிருகக்காட்சி சாலையோடு. இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை உண்டாக்கியவர் இவர்தான்.

1841-ல் ரோஸ்காமன் மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கு மேல். 2022-ல் சுமார் 70 ஆயிரம். பஞ்சம் முடிந்த பிறகும் பிழைப்பு தேடிப் போவது நிற்கவில்லை. நாங்கள் ரசித்த அமைதி அதுதான். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

அந்தக் காலத்தில் பிள்ளை அமெரிக்கா கிளம்புமுன் இரவு, சாவு வீட்டுக்கு வருவது போல ஊரே வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்குமாம். இனிப் பார்க்கப் போவதில்லை என்று தெரியும். நம் குடியிருப்பிலும் எத்தனை வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம்! "எப்போது ஊரோடு வரப்போகிறாய்?" என்று பெண்ணிடம் கறாராகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நான் விமானம் ஏறினேன். கேட்கவில்லை. அனுப்பப்பட்டவர்கள் வேறு, படித்து, விரும்பிப் போனவர்கள் வேறு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவள் முகம் தெரிகிறது. அந்த 1,490 பேரின் பெற்றோருக்கு அது கிடைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அயர்லாந்து ஷெங்கன் விசாவில் சேராது. தனி விசா எடுக்க வேண்டும். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் மழைக்கோட்டு அவசியம். ஒருநாள் கூடுதலாக இருந்தால் அரிக்னா நிலக்கரிச் சுரங்கம் பாருங்கள். 1990-ல் மூடிய சுரங்கம். அதில் வேலை பார்த்தவர்களே உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். சைவச் சாப்பாட்டுக்குப் பயமில்லை, உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். நான் சாப்பிட்டேன். முன்பு போல யோசிக்காமல் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.