பார்க்காமல் தட்டும் விரல்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழில் அனுபவத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் ராக்கெட் விடுகிறவன் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். அங்கே நான் செய்த ஒரு சின்ன நிரலையும், அதைவிடப் பெரிய ஒரு தப்பையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கர்நாடகத்தில் இருக்கிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகணி. லாரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வரிக் கணக்கில் அது வேறு நாடு மாதிரி. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னைக்குச் சரக்கு அனுப்பினால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று வரியை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பக்கத்து வீடு மாதிரி இருக்கிற ஜிகணிக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. ஓசூரில் பில் போடுகிற எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

எங்கள் ஆபீசில் பில் போட்டவர் ஓர் அக்கா. பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் பில்லிங் அக்கா. வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய ஒரு சாப்ட்வேரில் ஒவ்வொன்றாகத் தட்டுவார். ஒரு பில்லுக்கு பதினாலு கட்டம். மாதக் கடைசி என்றால் எட்டரை மணிக்கு எழுந்து கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓடுவார். அந்த சாப்ட்வேரை எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாது, சோர்ஸ் கோடும் இல்லை. எக்செல்லில் இருந்து நேராக உள்ளே ஏற்றிக்கொள்ளும் வசதியும் கிடையாது. வரிப் பட்டியலை மட்டும் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அது ஜி.எஸ்.டி.யையும் தாண்டிப் பிழைத்தது.

இதற்கு என்ன வழி என்று தேடியபோதுதான் ஆட்டோஹாட்கீ கண்ணில் பட்டது. முதலில் அதன் அண்ணனைச் சொல்ல வேண்டும். ஆட்டோஇட் என்ற மொழியை ஜொனாதன் பென்னட் என்பவர் 1999-ல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே சாப்ட்வேரை நிறுவ வேண்டும், ஒவ்வொன்றிலும் போய் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று தட்ட ஆள் வேண்டுமே, அந்தத் தட்டலை நிரலே செய்யட்டும் என்பதுதான் யோசனை. பிறகு கிறிஸ் மாலட் என்பவர், ஒரு விசையை அழுத்தினால் ஒரு வேலை நடக்கிற மாதிரி வசதி அதில் வேண்டும் என்று நினைத்தார். அது கைகூடாமல் போகவே, 2003-ல் தானே ஆட்டோஹாட்கீயை ஆரம்பித்தார். இரண்டுமே இன்றும் இலவசம். ஆட்டோஹாட்கீயின் சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. 2022 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதும் முறை கொஞ்சம் மாறிவிட்டது, பழைய நிரலை அப்படியே போட்டால் ஓடாது.

இது எப்படி வேலை செய்கிறது? விண்டோஸில் திரையில் தெரியும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு, ஒரு வகைப்பெயர் உண்டு. பழைய பாணி சாப்ட்வேர்களில் ஜன்னலுக்குள் இருக்கும் பட்டனும் எழுத்துக் கட்டமும்கூடத் தனித்தனிக் குட்டி ஜன்னல்கள்தான். ஆட்டோஹாட்கீயோடு வரும் விண்டோ ஸ்பை என்ற கருவியைத் திறந்து, எதன்மேல் மவுஸை வைத்தாலும் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். எங்கள் பில்லிங் சாப்ட்வேரின் மேல் வைத்தேன். 'தண்டர்ஆர்டி6டெக்ஸ்ட்பாக்ஸ்' என்று காட்டியது. இடியா, இது எங்கே வந்தது என்று பார்த்தால், விஷுவல் பேசிக்கின் முதல் பதிப்புக்கு மைக்ரோசாப்ட் உள்ளுக்குள் வைத்திருந்த செல்லப்பெயர் 'தண்டர்'. அது கடைசி வரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

நான் 2018-ல் எழுதிய முதல் நிரலில் இந்த ஜாதகத்தையெல்லாம் பயன்படுத்தவில்லை. அவசரம். 'டேப் தட்டு, எண்ணை எழுது, டேப் தட்டு, கீழ் அம்பு தட்டு' என்று மனுஷன் விரலை அப்படியே காப்பியடித்தேன். வரி வகைப் பட்டியலில் முதலில் 'எக்ஸ்போர்ட்', இரண்டாவது ஐ.ஜி.எஸ்.டி., மூன்றாவது சி.ஜி.எஸ்.டி. - எஸ்.ஜி.எஸ்.டி. கர்நாடக பில் என்றால் பட்டியலின் தலைக்குப் போய் கீழ் அம்பை ஒரு தடவை தட்டு. அவ்வளவுதான். இரவு அக்கா கிளம்பிய பிறகு, அவர் மூடாமல் விட்டுப்போன சாப்ட்வேரிலேயே, அவருடைய லாகினிலேயே ஓட்டுவேன். கீபோர்டு பக்கம் யாருமே இல்லாமல் கட்டங்கள் நிரம்புவதைப் பார்க்க வாட்ச்மேன் அண்ணன்கூட வந்து நிற்பார். ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தேன்.

ஒருநாள் கணக்குப் பிரிவில் யாரோ, நாம்தான் ஏற்றுமதியே செய்வதில்லையே என்று அந்த 'எக்ஸ்போர்ட்' வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயமான காரியம்தான். அன்று இரவும் என் நிரல் தலைக்குப் போய் ஒரு தடவை கீழே தட்டியது. இப்போது அங்கே இருந்தது சி.ஜி.எஸ்.டி. - எஸ்.ஜி.எஸ்.டி. கர்நாடகத்துக்குப் போகும் 37 பில்கள் தமிழ்நாட்டு வரியோடு அச்சாகின.

காலையில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். அப்போது எங்கள் பொருளுக்கு வரி 28 சதவீதம். 28 என்று ஒரே வரியாக வந்தாலும், 14-ம் 14-மாக வந்தாலும் மொத்தத் தொகை ஒன்றுதான்! ஒவ்வொரு பில்லும் ஐம்பதாயிரத்துக்குள் என்பதால் இ-வே பில்லும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அதைப் போடும்போதாவது யாராவது பார்த்திருப்பார்கள். எங்கள் வண்டிகள் வாடிக்கையாளர்களின் கேட்டில் போய் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்று பகல் மேனேஜர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். சாப்ட்வேர் பதிவேட்டில் 37 பில்லுக்கும் நேராக அவர் பெயர். நேரம் இரவு 9.40 முதல். "நான் எட்டரைக்கே போயிட்டேன் சார்" என்று அவர் சொன்னார். "அப்ப இந்த பில்லையெல்லாம் பேயா போட்டுச்சு?" என்று கேட்டார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தம்பி தங்கைகளே, உடனே எழுந்து போய் நான்தான் என்று சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். நான் போகவில்லை. மூன்று மணி டீ வரும்வரை போகவில்லை. நிரலில் எங்கே தப்பு என்று தேடுகிறேன், கண்டுபிடித்துவிட்டுச் சொல்வோம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தப்பு எங்கே என்று பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது என்பதுதான் உண்மை.

டீ வந்த பிறகு போய்ச் சொன்னேன். திட்டு கிடைத்தது, அதை விடுங்கள். 37 பில்லுக்கும் கிரெடிட் நோட் போட்டு, புது பில் போட இரண்டு நாள் ஆனது. அக்கா தட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் நாள் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது நாள் மத்தியானம் அவராகவே கேட்டார்: "தம்பி, சேவ் பண்றதுக்கு முன்னாடி நான் ஒரு செகண்ட் நிறுத்துவேனே, எதுக்குன்னு தெரியுமா?"

தெரியாது. ஒரு மாதம் அவர் வேலை செய்வதைப் பார்த்து எழுதிய நிரல்தான், ஆனால் நான் பார்த்தது அவர் விரலைத்தான்.

"மேல கஸ்டமரோட ஜி.எஸ்.டி. நம்பர்ல முதல் ரெண்டு எழுத்தைப் பார்ப்பேன். 29-ன்னா கர்நாடகா, 33-ன்னா நம்ம ஊரு. அப்புறம் கீழ வரியைப் பார்ப்பேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் சேவ். உன்னோடது பாக்குமா?"

பார்க்காது. ஜன்னலுக்குள் விசையைத் தட்டும் நிரல், எதைத் தட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை. நடுவில் வைரஸ் தடுப்பு சாப்ட்வேரின் ஒரு செய்தி எழும்பி முன்னால் வந்தால், அதற்குள்ளேயே அடுத்த பத்து எண்ணையும் தட்டிவிட்டுப் போகும். மவுஸ் கிளிக்கை இத்தனையாவது புள்ளி என்று எழுதியிருந்தால், யாராவது திரையின் எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கிய அன்றே இடம் தவறும்.

இரண்டாவது நிரலை அக்காவை வைத்துக்கொண்டு எழுதினேன். கீழ் அம்பே கிடையாது. பட்டியலில் 'ஐ.ஜி.எஸ்.டி.' என்ற பெயரையே தேடி எடுக்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது, அந்தப் பெயர் அங்கே இல்லையென்றால் நிரல் நின்றுவிடும். எண்களை அந்தந்தக் கட்டத்தின் ஜாதகத்தைச் சொல்லி அதற்கே அனுப்பினேன், எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் கவலையில்லை. சேவ் செய்யுமுன் ஜி.எஸ்.டி. நம்பரைத் திரும்பப் படித்து, முதல் இரண்டு இலக்கத்தை வரி வகையோடு ஒப்பிடும். மொத்தத் தொகையையும் ஒப்பிட ஆசைப்பட்டேன், முடியவில்லை. விஷுவல் பேசிக் 6-ல் 'லேபிள்' என்பது தனி ஜன்னல் இல்லை, சும்மா வரைந்த எழுத்து. நிரலின் கைக்கு அது எட்டாது. அதனால் தொகையை அக்காவே காலையில் சரிபார்ப்பார். எஸ்கேப் விசையை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். முக்கியமாக, நிரலுக்கென்று தனி லாகின் வாங்கினோம். பதிவேட்டில் இனி அக்கா பெயரில் விழுவது அக்கா போட்டது மட்டும்தான். பட்டியலில் மாட்டாமல் நின்ற பில்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேரும், காலையில் வந்ததும் அவர் முதலில் அதைத்தான் திறப்பார்.

அவர் வேலை போய்விடுமோ என்ற பேச்சும் அப்போது ஆபீசில் ஓடியது, மறைக்கவில்லை. போகவில்லை. ஆறரைக்கு பஸ் ஏறினார். இது எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இதைச் செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு இரண்டொரு விஷயம். சாப்ட்வேரிலேயே இம்போர்ட் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஜன்னலைத் தட்டுவது வேறு வழியே இல்லாதபோதுதான். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டிவிட்டு அந்த ஜன்னலைச் சுருக்கினால் விசைத் தட்டல் வேலை செய்யாது, ராத்திரி முழுக்க ஓடியது என்று நம்பி ஏமாறாதீர்கள். நிரலை இ.எக்ஸ்.இ. ஆக்கினால் சில வைரஸ் தடுப்புகள் அதைத் திருடன் என்று பிடிக்கும், ஏனென்றால் திருடர்களும் இதே கருவியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியில் கேட்காமல் எதையும் ஓட்டாதீர்கள். இதை நான் சொல்ல உங்களுக்குச் சிரிப்பு வரலாம், சிரியுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு கம்ப்யூட்டர் லேபில் லேப்டாப்போடு இருப்பேன். அந்த முதல் நிரலை அழிக்காமல் வைத்திருக்கிறேன், 'எக்ஸ்போர்ட்' வரியை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டுகிறேன்.