டிரைவிங் ஸ்கூல்காரரே இன்ஸ்பெக்டரா?

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கே.கே. நகர் மக்களே!

தொழில்நுட்பத்துக்குச் சட்டம் எழுதும் குழுவில் அந்தத் தொழில்காரரே உட்காரலாமா? உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று முழங்கினார் எதிரணித் தலைவர். "விஷயம் தெரியாத அதிகாரி எழுதினால் சட்டம் விளங்குமா?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் கோணல்.

நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தெரியாதவர் இங்கே யார்? டிரைவிங் ஸ்கூல்காரருக்கு வண்டியைப் பற்றி இன்ஸ்பெக்டரைவிட அதிகமாகவே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக, அவரிடம் காசு கட்டிப் படித்தவன் எட்டுப் போடும்போது, பாஸ் போடும் பேனாவையும் அவரிடமே கொடுத்துவிடலாமா? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை ஐயா. பத்துப் பேரை ஃபெயிலாக்கினால் நாளைக்கு அவர் ஸ்கூலுக்கு ஆள் வராது. அவ்வளவுதான்!

ஆன்லைன் ரம்மிக்கு வருவோம். 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. அதில் ஐ.ஐ.டி. நிபுணர் இருந்தார், தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இருந்தார், காவல்துறை உயரதிகாரி இருந்தார். அந்த மாதமே அறிக்கை வந்துவிட்டது. அறிவுக்கு என்ன பஞ்சம்? ரம்மி கம்பெனிக்குத்தான் அங்கே நாற்காலி இல்லை!

"அந்த அறிக்கையை வைத்து வந்த சட்டத்தில் ரம்மி, போக்கர் மீதான தடையை 2023-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே?" என்பார்கள். செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் வாதாடின, கோர்ட் கேட்டது, திருத்தியது. அதுதான் முறை. அதே உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், ராத்திரி 12 முதல் காலை 5 வரை காசு வைத்து ஆடக்கூடாது என்ற விதி செல்லும் என்றது. தூக்கம் கெட்டு ஆடுகிறவனிடம்தான் வசூல். அந்த விதியைக் கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்திருப்பாரா?

ஒன்றிய அரசு வேறு வழியில் போனது. எந்தப் பண விளையாட்டு சரியானது என்று சான்று தரும் வேலையை, கேமிங் கம்பெனிகளை உறுப்பினர்களாகக் கொண்ட சுய ஒழுங்கு அமைப்புகளிடம் விட 2023 ஏப்ரலில் விதி போட்டது. அப்படி ஓர் அமைப்புக்குக்கூடக் கடைசிவரை அங்கீகாரம் கொடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பண விளையாட்டையே தடை செய்தது நாடாளுமன்றம்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். விமானப் பாதுகாப்புச் சான்று வேலையில் பெரும்பங்கை போயிங் ஊழியர்களிடமே விட்டிருந்தார்கள். அப்படிச் சான்று பெற்ற 737 மேக்ஸ் விமானம் இரண்டு முறை விழுந்தது. 346 உயிர் போனது.

அப்படியென்றால் கம்பெனிக்காரர் வாயே திறக்கக் கூடாதா? தாராளமாகத் திறக்கட்டும், ஊரறிய! 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்தில் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கலாமா என்று ஊரையே கருத்துக் கேட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஃபேஸ்புக் லட்சக்கணக்கானவர்களை ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்ப வைத்தது. கேட்ட கேள்விக்கு அதில் பதிலில்லை என்றது டிராய். கருத்துகள் இணையதளத்தில் ஏறின. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் விதி போட்டது. கம்பெனி பேசியது, முடிவை மட்டும் அது எழுதவில்லை.

எங்கள் அணி கேட்பது அதைத்தான். கம்பெனி சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், வெளியிடுங்கள். குழுவில் உட்காருகிறவர் தனக்கு எந்தக் கம்பெனியில் பங்கு, யாரிடம் சம்பளம் என்று முதல் நாளே சொல்லட்டும். முடிவெடுக்கும்போது, லாபம் உள்ளவர் எழுந்து வெளியே போகட்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. தன் கல்லாவைக் குறைக்கும் விதியைத் தானே விரும்பி எழுதிக் கொடுத்த கம்பெனி ஒன்று, ஒன்றே ஒன்று, பெயர் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நானே உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.