ஓவியர்கள் நம் தெருவுக்கு வரும்போது

(போடிநாயக்கனூரை அடுத்த ஒரு கிராமத்தின் மாலை நேரப் படிப்பகத்தில், மாணவர்களும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சு நீளாது. ஜீப்ல போய்ட்டு வந்த அலுப்போட உக்காந்திருக்கீங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நகரங்களில் இன்றைக்கு ஓவியர்கள், சிற்பிகள், புகைப்படக்காரர்கள் பலர் ‘எங்களைக் கூப்பிடுங்க, உங்க ஊர்ல பயிலரங்கம் நடத்தித் தர்றோம்’ என்று சொல்கிறார்கள். சிலர் நம் தெருக்களிலிருந்து படித்துப் போன பிள்ளைகள். சிலர் நல்ல மனதோடு வரும் வேற்று ஆட்கள். இவர்களைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் இங்கே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட வேண்டும். ஆனால் நாம் போடுகிற நிபந்தனையில் கூப்பிட வேண்டும்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு மேளம் என்று ஒதுக்கி வைத்த கருவி. ஊர்க்காரன் கூப்பிட்டால் போய் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் அடி விழும். அந்த இழிவை உதறி, விடுதலைக் கருவி என்று அதை மேடையேற்றிய வேலை 1990களில் நடந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களுக்கு அதில் பங்குண்டு. இன்றைக்குப் பறைப் பயிலரங்கம் நடக்காத நகரம் இல்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காதுக்கான கலையில் நாம் ஒரு சண்டை போட்டு, ஓரளவு ஜெயித்திருக்கிறோம்.

கண்ணுக்கான கலையில்? அங்கே இன்னும் சண்டையே தொடங்கவில்லை. படம் வரைவது படித்தவன் வேலை, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டோம். விட வைத்தார்கள் என்பதே சரி. சென்னை ஓவியக் கல்லூரியை அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கியது 1850இல். ஓவியக் கல்விக்கு அவ்வளவு வயது. அது நம் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளிக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் சில அரைநாள். அந்த ஆசிரியர் வயிற்றைப் பார்ப்பாரா, பிள்ளை வரைந்த படத்தைப் பார்ப்பாரா? கணக்கு வாத்தியார் வந்தால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். அதை யாரும் கேட்பதில்லை.

சரி, நமக்குக் கண் இல்லையா?

போடி டவுனில் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் தரம் பிரிக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் உங்கள் வீட்டு ஆட்கள். குவியல் முன்னால் உட்கார்ந்து ஏழு மில்லி, எட்டு மில்லி என்று பருமன் பார்த்து, பச்சை பார்த்து, வெளிறியதைத் தள்ளி, வெடித்ததைத் தள்ளி, விரல் நிற்காமல் பிரிப்பார்கள். பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று ஓவியக் கல்லூரி மாணவனைக் கேளுங்கள், நாலஞ்சு சொல்வான். கிட்டங்கியில் இருபது வருசம் உட்கார்ந்த நம்ம அக்காவைக் கேளுங்கள், சொல்லி முடிக்க மாட்டார். அந்தக் கண்ணுக்கு நாள் கூலி மட்டும்தான் மரியாதை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. அந்தக் கண்ணால்தான் காய்க்கு விலை. கண்ணுக்கு விலை இல்லை.

அப்பத்தா, அம்மாச்சி கையைப் பாருங்கள். பச்சை குத்தியிருக்கும். தேள் இருக்கும், கோலம் இருக்கும், புள்ளி வரிசை இருக்கும். குறவர் பெண்கள் ஊசியால் குத்திவிட்டுப் போன படம். பித்தளை மூக்குத்தி போட வசதியில்லாதவள் தோலையே நகையாக்கினாள். அதை நாம் ஓவியம் என்று சொன்னதில்லை. பேரப் பிள்ளைகள் பட்டிக்காடு என்று சிரிக்கிறார்கள். இந்த இடத்தில்தான் பீகார்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மதுபனி ஓவியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிதிலைப் பகுதியில் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில் வரைந்தது. 1966-67 பஞ்சத்தின்போது அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அங்கே அனுப்பியது. அவர் பெண்களுக்குத் தாள் கொடுத்து, சுவரில் போடுவதைத் தாளில் போடச் சொன்னார். விற்றது. ராமனும் சீதையும் கிருஷ்ணனும் உலகம் சுற்றினார்கள். அதே ஜித்வார்பூர் கிராமத்துச் சேரியில் துசாத் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்கள். தாள் அவர்கள் தெருவுக்கு வரவில்லை.

1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானுடவியல் ஆய்வாளர் அந்தப் பெண்களிடம் நீங்களும் வரையுங்கள் என்றார். எதை வரைவது? மேல்சாதிப் பெண்களின் தெய்வத்தையும் பாணியையும் காப்பியடித்தால் இரண்டாந்தரமாகத்தான் நிற்க வேண்டும். சானோ தேவி என்ற துசாத் பெண் தன் சமூகத்துப் பெண்களின் உடம்பைப் பார்த்தார். அங்கே கோத்னா இருந்தது. கோத்னா என்றால் பச்சை குத்துவதுதான். தோலில் இருந்த வட்டங்களையும் புள்ளிகளையும் தாளுக்குக் கொண்டுவந்தார். தங்கள் வீரன் ராஜா சல்ஹேஸ் கதையை வரைந்தார்கள். ஜமுனா தேவி என்ற இன்னொரு தலித் பெண் தாளின் மேல் சாணிக் கரைசலைப் பூசி, மண் சுவரின் நிறத்தையே வரவழைத்தார். இன்றைக்கு கோத்னா தனிப் பாணி. சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான் தம்பதிக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசாங்கம் திரும்பிப் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது.

தாள் வெளியிலிருந்து வந்தது. படம் வெளியிலிருந்து வரவில்லை. வருகிற ஓவியர் தாளும் மையும் தொழில் நுணுக்கமும் கொண்டுவரட்டும். எதை வரைவது என்று அவர் சொல்லித்தரத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

நல்ல மனசு இருந்தும் சிக்கலான கதைகளும் உண்டு. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு சானா பிரிஸ்கி என்ற புகைப்படக்காரர் கேமரா கொடுத்து வகுப்பு நடத்தினார். அதை வைத்து எடுத்த படம் 2005இல் ஆஸ்கார் வாங்கியது. பிள்ளைகள் எடுத்த படங்களில் சில அபாரமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தாய்மார்களைப் பிள்ளைகளின் எதிரி மாதிரிக் காட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் அங்கிருந்தே எழுந்தது. பிள்ளைகளின் கண்ணைத் திறந்தவர் தாய்களின் வாயை மூடிவிட்டார் என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

நம் சென்னையில் கண்ணகி நகர். கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட மக்களை 2000லிருந்து கொண்டுபோய்க் கொட்டிய இடம். 2020இல் ஓர் அறக்கட்டளையும் பெயின்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஊர்ப்பெயர் சொல்லக் கூசிய இளைஞர்களுக்கு அது கொஞ்சம் உதவியும் இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி. சுவரில் சிரிக்கிற முகத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்காரர் எதற்காக அங்கே வந்தார் என்று எந்தச் சுவர் சொல்கிறது? வெளியேற்றத்தின் மேல் வண்ணம் பூசலாம். வெளியேற்றத்தையே வரையலாம். இரண்டும் ஒன்றல்ல.

நம்ம பக்கத்து ஆட்களிடம் வருகிறேன். மதுரை ஜவஹர்லால்புரம் பழனிக்குமார். அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். 2013இல் முதல் கேமரா கைக்கு வந்தது. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் வேலை செய்தார், மலக்குழிச் சாவுகளைப் படம் பிடித்தார். அதோடு நிற்காமல், துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். 2023 டிசம்பரில் வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த படங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக நின்றன. சினிமாக்காரன் காட்டிய வடசென்னை வேறு, அந்தப் பிள்ளைகள் காட்டியது வேறு. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். அவருடைய பாட்டி பொன்னுத்தாய் தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். பேரன் அந்தக் குடும்பத்தையும் நம் ஆற்றோர மக்களையும் படமெடுக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், வடகேரளத்தில் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சஜன் மணி, ரப்பர் ஷீட் மேலேயே வரைகிறார். 2021இல் பெர்லினில் விருது வாங்கினார். முதலாளிக்குப் பால் வடித்துக் கொடுத்த அதே ரப்பர்தான் அவருக்குத் துணி.

அப்படியானால் நமக்கு எது துணி? ஏலக்காய்ச் சாக்கு இருக்கிறது. தார்ப்பாய் இருக்கிறது.

எதை வரைவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இந்த மலையைப் பற்றி வெளியே சுற்றுகிற படங்கள் இரண்டு வகை. ஒன்று விளம்பரம்: பச்சைக் காய், பனி, போடிமெட்டு வளைவு. அதில் குனிந்து காய் எடுக்கிற முதுகு இருக்காது. ஏலம் காய்ப்பது செடியின் அடித்தூரில். நாள் பூரா மண்டி போட்டு எடுக்க வேண்டிய வேலை என்பது வாசனை பிடிக்கிறவனுக்குத் தெரியாது. இன்னொன்று செய்தித்தாள்: ஜீப் கவிழ்ந்த படம், மண் சரிந்த படம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயன் வீடுகளோடு 70 பேர் புதைந்தார்கள். தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். நாம் செத்தால்தான் படம். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸுக்காகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்களே, தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லையே, பெம்பிளை ஒருமை, அது நம் பெண்களின் படம். அதை எந்த ஊர்ச் சுவரில் பார்த்தீர்கள்?

விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறுவது, மடியில் தூக்குச்சட்டி, மெட்டு ஏறும்போது காது அடைப்பது, செக்போஸ்ட், மருந்தடித்த வாடை, கங்காணி நிற்கிற நிலை, ஸ்டோரில் காய் உலரும் சூடு. இதெல்லாம் உங்களுக்குள் படமாகவே இருக்கிறது. வெளியே எடுக்கத்தான் ஆள் வேண்டும்.

‘சோத்துக்கே அல்லாடுறோம், படம் எதுக்கு தோழர்?’ என்று இயக்கத் தோழர்களே கேட்பார்கள். கூலி உயர்வு முதலில், சரிதான். ஆனால் 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தார்களே, வெறும் சிமெண்ட் என்றால் ஏன் உடைக்கிறான்? தமிழ்நாடு முழுக்கச் சிலையைக் கம்பிக் கூண்டில் வைத்திருக்கிறோம். உருவத்தின் பலம் நம்மைவிட நம் எதிரிக்கு நன்றாகத் தெரிகிறது.

இனி நிபந்தனைகள். விவாதத்துக்காக வைக்கிறேன்.

ஒன்று, காலம். காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற மாதங்களில் பயிலரங்கம் வைத்தால் பிள்ளைகள் மட்டும் வருவார்கள், அம்மாக்கள் வரமாட்டார்கள். வேலை குறைகிற கோடையில் வையுங்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வையுங்கள். ஒரு நாள் வேலையை விட்டு வரச்சொன்னால் அந்த நாள் கூலிக்கு வழி செய்ய வேண்டும். ஓவியருக்கு மதிப்பூதியம் உண்டு, நமக்கு டீயும் பிஸ்கட்டும் என்றால் அது பயிலரங்கம் இல்லை, தோட்டம்தான்.

இரண்டு, ஓவியருக்கும் கூலி கொடுக்க வேண்டும். நம் பிள்ளை ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு வந்தால் ‘நம்ம பயதானே, சும்மா செய்யட்டும்’ என்கிறோம். இனாமாக வேலை வாங்குவது யாருடைய பழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று, படம் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். வரைந்தவர் பெயர் படத்தில் இருக்க வேண்டும். கண்காட்சிக்குப் போனாலும், புத்தகமானாலும், விற்றாலும் வரைந்தவரைக் கேட்டுத்தான். பணம் வந்தால் பங்கு. பிள்ளைகள் முகத்தைப் புகைப்படம் எடுப்பதற்கும் இது பொருந்தும்.

நான்கு, முதல் பார்வை நம் தெருவில். எழும்பூரில் மாட்டுவதற்கு முன்னால் இந்தப் படிப்பகத்தில் மாட்ட வேண்டும். வரைந்தவளின் பக்கத்து வீட்டுக்காரி பார்த்து, ‘இது ஜீப் மாதிரி இல்லையேடி’ என்று சொன்னால் அதுதான் உண்மையான விமர்சனம்.

ஐந்து, சுவர். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1989 செப்டம்பரில் போடி, மீனாட்சிபுரம் வட்டாரத்தில் நடந்த கலவரம் பெரியவர்களுக்கு மறக்காது. இந்த மண்ணில் ஒரு பெயர்ப்பலகை, ஒரு கொடிக்கம்பம், ஒரு சுவர் எழுத்து போதும், வீடு எரிய. நகரத்து ஓவியருக்கு எந்தச் சுவர் யாருடையது என்று தெரியாது. உற்சாகத்தில் மெயின் ரோட்டுச் சுவரில் வரைந்துவிட்டு அவர் ராத்திரி பஸ்ஸில் போய்விடுவார். மறுநாள் காலையில் இருக்கப் போவது நாம். பயந்து ஒடுங்கச் சொல்லவில்லை. எந்தச் சுவர், என்ன படம் என்பதை ஊர் கூடி, பெண்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும், சண்டை வந்தால் நிற்கத் தயாராக முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். அந்த முடிவை வெளியாள் நமக்காக எடுக்கக் கூடாது.

ஆறு, ஒருமுறை வந்துவிட்டுப் போவது வேண்டாம். மூன்று நாள் நடத்தி, கைதட்டி, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனால் பெயின்ட் டப்பா காய்ந்து கிடக்கும். ஒவ்வொரு கோடைக்கும் வரட்டும். இரண்டாவது வருசம் நம் பிள்ளைகளில் இரண்டு பேர் அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். மூன்றாவது வருசம் அவர் பின்னால் உட்கார வேண்டும்.

கல்லூரி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இன்றைக்கே ஒரு வேலை. வீட்டில் இருக்கிற பெரியம்மா, அம்மாச்சி கையில் இருக்கிற பச்சையை அவர்களைக் கேட்டு, ஒரு நோட்டில் அப்படியே வரைந்து வாருங்கள். எந்த வயதில் குத்தியது, யார் குத்தியது, அழுதார்களா என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஓவியர் வரும்போது அந்த நோட்டை முதலில் அவர் கையில் கொடுப்போம். இதுதான் எங்க பாடப்புத்தகம், இதிலிருந்து ஆரம்பிங்க என்போம்.

கிட்டங்கிக்குப் போகிற அக்காமார் யாராவது, எத்தனை பச்சை என்று எனக்குச் சொல்லுங்கள். கேட்டு எழுதிக்கொள்கிறேன்.