பகைநாட்டு மனிதன்



1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. காலை வழிபாட்டு வேளையிலே யப்பானிய விமானங்கள் கொழும்பு வானிற் தோன்றின. துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ புச்சிடா என்னும் கடற்படை விமானி; நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத் தாக்குதலை வழிநடத்தியவரும் அவரே. அந்நாளை நினைவில் வைத்திருந்த என் பாட்டனார் “யப்பான்காரன்” என்ற சொல்லை உச்சரித்த விதத்திலேயே வெறுப்பு இருந்தது. யப்பானியர் ஒருவரையேனும் கண்டறியாத நானும் அதனை அப்படியே கற்றுக்கொண்டேன்.

பகைமை பெரும்பாலும் இவ்வாறுதான் கைமாறுகிறது. பிற இனத்தவர் ஒருவரோடும் பேசியறியாத பிள்ளை, அவ்வினத்தவர் அனைவரும் எத்தகையோர் என்று கட்டுரையிலே தீர்ப்பு எழுதுவதைப் பாடசாலையிற் கண்டிருக்கிறேன். எழுதியது பிள்ளையின் கை. சொல்லிக் கொடுத்தவர் வேறு. கோயிலுக்குத் தவறாது செல்லும் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

கொழும்பிற் குண்டு வீழ்ந்த பதின்மூன்றாம் நாள், ஏப்பிரல் 18இல், அமெரிக்க விமானங்கள் பதினாறு யப்பானைத் தாக்கின. அவற்றுள் ஒன்றிலே குண்டு வீசுபவராகச் சென்றவர் ஜேக்கப் டிஷேசர். பேர்ள் துறைமுகச் செய்தி எட்டியபோது, படைமுகாமில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர், கையிலிருந்த கிழங்கைச் சுவரில் எறிந்து, யப்பான் இதற்கு விலை கொடுக்கும் என்று கத்தினாராம். நாகோயா நகரிற் குண்டு வீசியபின், யப்பானியர் வசமிருந்த சீனப் பகுதியிலே பரசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டார். அவரோடு பிடிபட்டவருள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இன்னொருவர் சிறையிலே நோயுற்று இறந்தார். டிஷேசர் நாற்பது மாதங்கள் சிறையிலிருந்தார். அவற்றுள் முப்பத்துநான்கு மாதங்கள் தனிமைச் சிறை. ஆகவே அவருடைய வெறுப்பு இப்போது கேள்வி ஞானம் அன்று, உடலறிந்த உண்மை.

1944இல் கைதிகளிடையே வேதாகமம் ஒன்று சுற்றி வந்தது. அவர் முறைக்கு மூன்று வாரங்கள். மங்கிய ஒளியில் மீண்டும் மீண்டும் படித்தார். தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னிக்குமாறு இயேசு வேண்டிக்கொண்ட இடம் அவரைத் தடுத்து நிறுத்தியது.

இங்கே கதையை முடித்துவிடுவோர் பலர். எனக்கோ அதன் பின் நிகழ்ந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. காவலன் ஒருவன் அவரை அறைக்குள் தள்ளிக் கதவை அறைந்தபோது, அவருடைய வெறுங்கால் இடுக்கில் அகப்பட்டது. காவலன் கதவைத் திறக்கவில்லை. தன் சப்பாத்தினால் அக்காலை உதைத்தான். மறுநாள் நொந்த காலோடிருந்த டிஷேசர், அவனுக்கு யப்பானிய மொழியிலே காலை வணக்கம் சொன்னார். அடுத்த நாட்களிலும் சொன்னார். அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். முதலில் திகைத்த அவன், பின்னொரு நாள் வேகவைத்த வற்றாளங்கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் வணக்கத்தைச் சொன்ன வேளையில் டிஷேசரின் நெஞ்சிலே கனிவு இருந்ததா என்பது ஐயமே. கனிவு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. பகைவரை நேசிக்கச் சொன்ன கட்டளையும், அவர்மீது பிரியம் பிறக்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லையே!

பகைநாட்டாரை மன்னிப்பது கிறித்தவருக்கே உரிய தனிச்சொத்து என்று நான் கூறவில்லை. 1951இல் சன் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, புத்தர் போதனையை எடுத்துக்காட்டி யப்பானிடம் நட்டஈடு வேண்டாமென்றது நம் இலங்கை.

டிஷேசர் 1948இல் மிசனரியாக யப்பானுக்குத் திரும்பினார். அவர் சிறைக்கதையைக் கூறும் துண்டுப்பிரசுரம் ஒன்று தோக்கியோவின் சிபுயா புகையிரத நிலையத்திலே வழிப்போக்கர் ஒருவரின் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து, வேதாகமத்தையும் வாங்கிப் படித்து, 1950இல் கிறித்தவரான அவர்தாம் கொழும்பின்மீது விமானங்களை நடத்திவந்த புச்சிடா. அவ்வாண்டிலேயே இருவரும் சந்தித்தனர். பின்னர் ஒரே மேடையில் நின்று பேசினர். 1959இல் டிஷேசர் நாகோயாவிற் குடியேறி, தாம் குண்டு வீசிய அந்நகரிலே திருச்சபை ஒன்றைத் தொடங்கினார்.