அயல்மொழிப் பாட்டும் ஒலிக்குறியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் படுவான்கரையிலே, உன்னிச்சைக் குளத்து நீரால் வளம்பெற்ற வயல்கள் உள்ளன. அந்நாட்டுக் கிராமங்களிலே வயல்வேலை ஓய்ந்த காலம் கூத்துப் பழகும் காலமாகும். அண்ணாவியார் மத்தளத்தை முழக்கி ஓரடியைப் பாடுவார்; கூத்தர் அதனைத் திருப்பிப் பாடுவர். சட்டம் கொடுக்கும்போது ஏடு கைக்கு வந்தாலும், பாட்டு உள்ளத்திற் குடிபுகுவது செவி வழியாகவே. எழுத்தறியாத உழவரும் ஓரொலி பிசகாமற் பாடும் திறம் இவ்வாறே வாய்த்தது.

தாய்மொழிப் பாட்டுக்கு இம்முறை போதும். ஆங்கிலப் பாட்டையோ ஸ்பானியப் பாட்டையோ பாட விரும்பும் இளைஞன் என் செய்வான்? பெரும்பாலும் அவன் அதனைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறான். அங்கேதான் இடர் தொடங்குகிறது. தமிழில் ககரம், தகரம், பகரம் முதலிய எழுத்துக்கள் இடம் நோக்கி வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கின்றன. இவ்வியல்பு தமிழுக்குப் பொருந்தும், அயல்மொழிக்குப் பொருந்தாது.

இவ்விடர் ஒருபக்கத்தது அன்று. நவார் நாட்டிற் பிறந்த பிரான்சிசு சவேரியார், 1542 ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்து, முத்துக்குளித்துறை மக்களிடையே பணிசெய்தபோது, செபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து மனப்பாடம் செய்து ஓதினார். 1554 இல் இலிசுபன் நகரில் அச்சான ஒரு செபநூல், தமிழை உரோம எழுத்திலே தந்தது. லகரம், ளகரம், ழகரம் என்னும் மூன்றையும் பிரித்துக்காட்டத் தனித்தனி எழுத்து உரோம நெடுங்கணக்கில் இல்லை. தமிழ் எழுத்தில் ஆங்கிலத்தை எழுதுவோர் படும் பாட்டை, உரோம எழுத்தில் தமிழை எழுதியவரும் பட்டிருத்தல் வேண்டும்.

இதற்குத் தீர்வாக எழுந்ததே அனைத்துலக ஒலிக்குறி முறை. 1886 இல் பாரிசிலே பவுல் பஸ்ஸி என்னும் அறிஞரின் முயற்சியால் மொழியாசிரியர் கழகம் ஒன்று தோன்றிற்று. 1888 இல் அதன் குறிகள் வெளியாயின. ஓர் ஒலிக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஓர் ஒலி என்பதே அதன் அடிப்படை. 1917 இல் தானியேல் யோன்சு ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். 1953 இல் மடலின் மார்சல் என்னும் அம்மையார், பாடகர்க்கென்றே ஆங்கில உச்சரிப்பு நூலொன்றை இக்குறிகளின் துணைகொண்டு எழுதினார்.

பாடகர்க்குத் தனிநூல் எதற்கு? பேச்சில் உயிரொலியின் நெடுமையை மொழி தீர்மானிக்கிறது. பாட்டில் அதனைத் தாளம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் 'லிவ்' என்றால் வாழ்தல். 'லீவ்' என்றால் நீங்குதல். தமிழன் இவ்விரண்டையும் குறில் நெடில் என்ற அளவிலேயே வேறுபடுத்துவான். 'உன்னுடன் வாழ்வேன்' என்று பாடவேண்டிய இடத்தில் இராகம் அச்சொல்லை நீட்டினால், அவன் வாயில் வாழ்தல் நீங்குதலாகிவிடும். உண்மையில் அவ்விரு சொற்களின் உயிரொலிகளும் நாக்கின் நிலையாலும் வேறானவை. ஒலிக்குறியில் இரண்டுக்கும் இருவேறு வடிவங்கள் உண்டு. அவற்றைக் கற்றவன் எத்துணை நீட்டினும் பொருளைக் கெடுக்கமாட்டான்.

ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' போன்ற சொற்களின் ஈற்றுயிர், தலைகீழாக நிற்கும் ஈ என்னும் ஆங்கில எழுத்தாற் குறிக்கப்படும். நாடு, காசு என்பவற்றின் ஈற்றில் இதழ் குவியாது குறுகும் குற்றியலுகரத்தோடு அதற்கு ஓரளவு உறவு உண்டு. அதனை 'ஆ' என விரித்துப் பாடுதல் பிழை. மேலும், எப் என்னும் ஆங்கில எழுத்தின் ஒலி தமிழில் இல்லை. கீழிதழை மேற்பல் தொட அது பிறக்கும். அவ்வொலியையுடைய சொல் ஈழத்தமிழில் 'கோப்பி' என வழங்குதலே, செவி தன் பழக்கத்தின்படி அயலொலியை மாற்றிக்கொள்ளும் என்பதற்குச் சான்று.

ஸ்பானியம் தமிழர்க்கு இத்துணைக் கடினமன்று. அதன் ஐந்து உயிர்களும் அ, எ, இ, ஒ, உ என்பவற்றுக்கு அணித்தானவை. மூக்கொலிகளுள் ஒன்று தமிழ் ஞகரமே. 'அது' என்னும் சொல்லில் தகரம் மெலிவதுபோல, ஸ்பானிய தகர இன ஒலியும் உயிர்களுக்கிடையில் மெலியும். 'பெரோ' என இடையின ரகரம் போல ஒலித்தால் 'ஆனால்' என்பது பொருள். நாநுனி பலமுறை அதிர 'பெறோ' என்றால் நாய் என்பது பொருள். கரை, கறை என்பவற்றை இன்றும் பிரித்து ஒலிப்பவர்க்கு இவ்வேறுபாடு எளிது. அழுத்தமும் பொருளை மாற்றும்: இலத்தீன் அமெரிக்காவில் 'பாபா' என்பதன் முதலசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, ஈற்றசையை அழுத்தினால் தந்தை. அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே ஒலிக்குறி முறை ஒரு சிறு கோட்டை இட்டுவைக்கும்.

பயிலும் முறையும் கடினமன்று. முதலில் நல்ல பாடகரின் ஒலிப்பதிவைப் பலகாற் கேட்டல். அடுத்து, அகராதியை நோக்கிச் சொல்லின்மேற் குறிகளை எழுதுதல். பின்னர் இராகமின்றி மெல்லப் பேசிப் பழகுதல். இறுதியில் இசையோடு பாடுதல். ஒலிகள் பிறக்கும் இடங்களை நெஞ்சு, மிடறு, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் எனத் தொல்காப்பியம் வகுத்த மரபில் வந்தவர்க்கு இக்கல்வி புதுமையாகாது.

இதன் தேவை மட்டக்களப்புக்கு மிக அண்மையிலேயே உண்டு. 1628 இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். 1638 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கேயத்திலிருந்து கிளைத்த மொழி, மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடையே இன்றும் வழங்குகிறது. ஆயினும் இளையோர் தமிழையே மிகுதியும் பேசுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் திரட்டிய அம்மொழிப் பாடல்கள் கைப்பிரதியாகப் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. சொற்கள் தாளில் இருக்கின்றன. அவற்றை ஒலித்த வாய்கள் ஓய்ந்துவிட்டன. இன்று பாடும் முதியோரின் ஒலியை இப்பொழுதே பதிவுசெய்து, குறியிலும் பொறித்துவைத்தால், நாளை பேரப்பிள்ளைகள் அப்பாட்டைப் பிழையின்றிப் பாடலாம்.

ஒலிக்குறி அண்ணாவியாருக்கு மாற்றாகாது. அவர் இல்லாத இடத்தில் அவர் வாயசைவை நினைவூட்டும் ஏடு அது. பிறர் மொழியிற் பாடப் புகுவோன் அவர்தம் அன்பையும் இறைவேண்டலையும் தன் நாவில் ஏந்துகிறான். அவற்றைச் சிதையாமற் சேர்ப்பித்தல் அவன் கடமையாகும்.