படையினர் காட்சியும் பனிநாட்டார் மறுப்பும்



அரசுடைமையான ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று ஒரு மொழிக்கு என்ன செய்ய இயலும் என்பதற்கு ஐசுலாந்து நாட்டை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

அந்நாட்டின் அரசு வானொலி 1930-ஆம் ஆண்டு திசம்பர் 20-ஆம் நாள் தொடங்கிற்று. தென்மார்க்கு மன்னரையே ஐசுலாந்தியரும் தம் மன்னராகக் கொண்டிருந்த காலம் அது. முழு விடுதலை 1944-இல்தான் வந்தது. வானொலிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஊத்வார்ப்பு'. வெளியே வீசுதல் என்பது அதன் பொருள். தொலைபேசிக்கோ, நூல் அல்லது கயிறு எனப் பொருள்பட்டு வழக்கொழிந்து கிடந்த 'சீமி' எனும் பழஞ்சொல்லைத் தேடியெடுத்து உயிரூட்டினர். 'வானொலி' என்று நாம் சொன்னபோது நகைத்தவர்கள் இதனைக் கேட்டிருக்க வேண்டும்!

இனி, இடர் வந்த வழியைச் சொல்கின்றேன். 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அமெரிக்கப் படை கெப்லாவிக்கில் வந்து தங்கிற்று. தம் வீரர்க்கென 1955-இல் அங்கொரு தொலைக்காட்சி நிலையம் நிறுவினர். 1960-களின் தொடக்கத்தில் அதன் ஆற்றல் கூட்டப்படவே, தலைநகர் இரேக்கியவிக்கின் வீடுகளிலும் ஆங்கிலப் படங்கள் தெரியலாயின. மக்களும் பெட்டி வாங்கிப் பார்த்தனர். அதில் வியப்பென்ன? அவர்க்கென்று தொலைக்காட்சி ஏதும் அப்போது இல்லை. நாட்டு மக்கள்தொகையோ இரண்டு இலக்கத்தைக்கூட எட்டவில்லை. அத்துணைச் சிறு கூட்டத்தின் நடுவீட்டில், அயற்படையின் மொழி மாலைதோறும் வந்து அமர்ந்துகொண்டது.

1964-ஆம் ஆண்டு, நாடறிந்த அறுபதின்மர் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். படைநிலையத்தின் காட்சி படைத்தளத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. விரும்பியதைப் பார்ப்பது குடிமகன் உரிமையன்றோ என்று எதிர்ப்பும் எழுந்தது. அஃது எளிதில் தள்ளிவிடத்தக்க வாதமன்று. கையிலுள்ளதைப் பறித்துவிட்டு, மாற்றாக ஒன்றும் தாராதவன் சொல் வீட்டில் ஏறுமா?

ஐசுலாந்தியர் செய்த முறைமையே நான் இங்குச் சுட்ட வந்தது. முதலில் தம் மொழித் தொலைக்காட்சியை 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தொடங்கினர். அதற்கும் 'சியோன்வார்ப்பு' எனத் தம் சொல்லே. காட்சியை வீசுதல் என்க. படைத்தளக் காட்சி தளத்துக்குள் அடைக்கப்பட்டதோ 1974-இல். ஆக்கம் முன்னது; அடைப்பு எட்டாண்டு பின்னது! நம்மிடையே தடையை மட்டும் முழங்குவோர் இவ்வரிசையை எண்ணிப் பார்க்க.

அந்நிலையம் செல்வச் செழிப்பில் நடந்ததன்று. 1983 வரை சூலைத் திங்கள் முழுதும் ஒளிபரப்பில்லை. 1987 வரை வியாழக்கிழமைகளிலும் இல்லை. (நம் வீடுகளில் ஒரு மாலை பெட்டி வாய்மூடினால் என்னாகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.) ஆயினும் அயன்மொழிப் படங்களுக்குத் தம் மொழியில் எழுத்து வரியோ குரலோ உடன்வர வேண்டும் என்பதைச் சட்டமாகவே கொண்டனர்.

அரசு நிலையத்தின் தனியுரிமை 1986-இல் நீங்கிற்று. தனியார் நிலையங்கள் வந்தன. அரசு நிலையமே 2007-இல் பொதுவுடைமைக் குழுமமாக மாற்றப்பட்டது. 2009 முதல் தனிவரியொன்று அதற்கெனத் தண்டப்படுகின்றது.

அமெரிக்கப் படை 2006-இல் வெளியேறிவிட்டது. ஆனால் ஐசுலாந்துச் சிறுவர் கையிலுள்ள பேசியில் ஆங்கிலம் இராப்பகலாய் ஒலிக்கின்றதே என்று அங்குள்ள மொழியறிஞர் இன்று கவல்கின்றனர். அறுபதின்மர் சுட்டிக்காட்டிய கோபுரம் கெப்லாவிக்கில் நின்றது; இதற்கு அப்படியொரு கோபுரம் இல்லை.