சாதாரண வாரங்களின் கணக்கு

ஆண்டுதோறும் வந்து, நம்மை நாலைந்து நாள் படுக்கையில் கிடத்திவிட்டுத் தானாகவே விலகிப் போகிற ஃப்ளூ ஜுரத்தை ஒரு பெரிய வியாதியாக நம்மில் பலர் மதிப்பதில்லை. ஆயினும் அந்த ஜுரத்தையொட்டி நேரும் சுவாச உபத்திரவங்களால் மட்டும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 வரை மரணங்கள் சம்பவிக்கின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளுமே பெரும்பாலும் அதன் கொடுமைக்கு ஆளாகிறவர்கள். அது ஊரில் பரவத் தொடங்கிவிட்டது என்பதை, ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்புவதற்கு முன்பே எவ்வாறு அறிந்துகொள்வது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த 'ராஜுலா' என்னும் கப்பலில், ஆசிய ஃப்ளூ என்று பெயர் பெற்ற ஜுரம் வந்து இறங்கியது. எவருடைய உடம்பும் பழகியிராத புதுக் கிருமி ஒன்று அவ்வாறு வருமானால், அது குறுகிய காலத்தில் பெருங்கூட்டத்தைத் தாக்கித் தன்னைத் தானே காட்டிக்கொண்டுவிடும். பருவந்தோறும் வருகிற ஃப்ளூவோ அப்படி அன்று. இருமலும் சளியும் ஜுரமும் இல்லாத வாரம் என்று ஆண்டில் ஏதாவது உண்டா? நேற்று வந்த நூறு பேரோடு இன்று வந்த நூற்றிருபது பேரை ஒப்பிட்டு, இது தற்செயலான ஏற்றமா, பரவலின் ஆரம்பமா என்று எவ்வளவு கைதேர்ந்த வைத்தியரும் தம் ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி சொல்லிவிட இயலாது.

இந்தச் சிக்கலைக் கணக்கின் துணைகொண்டு அவிழ்த்தவர்களில் நான் பெரிதும் போற்றுகிறவர் வில்லியம் ஃபார். 1807-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வைத்தியம் கற்று, பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதிவு செய்யும் ஏற்பாடு 1837-இல் அந்தத் தேசத்தில் தொடங்கியபின் அந்தப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மரணப் பதிவுகளோடே வாழ்ந்தவர் அவர். 1847-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மாநகரில் இன்ஃபுளுவென்சா பரவியபோது, வழக்கமாக வாரத்துக்கு ஏறக்குறைய ஆயிரமாக இருந்த மரணத் தொகை, டிசம்பர் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 2,400-ஐத் தாண்டியது. ஆனால் இன்ஃபுளுவென்சா என்றே காரணம் எழுதப்பட்ட மரணங்கள் அவற்றுள் ஒரு சிறு பங்குதான். மற்றவை மார்ச்சளி, நிமோனியா, ஆஸ்துமா, மூப்பு என்று வெவ்வேறு பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. ஃபார் அந்தப் பெயர்களோடு வழக்காடிக்கொண்டிராமல், அந்தப் பருவத்தில் சாதாரணமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டு, பரவல் நீடித்த வாரங்களில் நேர்ந்த மரணங்களிலிருந்து அதைக் கழித்தார். மிஞ்சியது ஏறத்தாழ 5,000. ஒரு நோயின் பெயரைத் தாங்காமலே அந்நோயால் இறந்தவர்களை ஒரு கழித்தல் கணக்கு வெளிக்கொணர்ந்தது என்பதை முதன்முதலாகப் படித்த காலத்தில் எனக்கு உண்டான வியப்பு இன்றளவும் நீங்கவில்லை.

ஃபார் செய்தது, பரவல் வந்து போனபின் போட்ட கணக்கு. அதை நடந்துகொண்டிருக்கிற வாரத்துக்கே பொருந்தச் செய்தவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துத் தொற்றுநோய் மையத்தில் பணிபுரிந்த ராபர்ட் செர்ஃப்லிங். அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிலிருந்து நிமோனியா, இன்ஃபுளுவென்சா மரணங்களின் தொகை வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறை இதுதான்: கடந்த சில ஆண்டுகளின் எண்களை எடுத்துக்கொண்டு, பரவல் நிகழ்ந்த வாரங்களை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சிய சாதாரண வாரங்களைக்கொண்டு, குளிர்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்கும் ஓர் அலைக்கோட்டை வரைந்துகொள்ள வேண்டும். அதற்குச் சற்று மேலே, இயல்பான ஏற்றத்தாழ்வுகள் பெரும்பாலும் கடக்காத உயரத்தில், இன்னொரு கோடு எல்லையாக நிற்கும். புதிதாக வரும் எண் தொடர்ந்து இரண்டு வாரங்கள் அந்த எல்லையைக் கடந்தால், பரவல் தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம். நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரவலைக் கண்டுபிடிக்க வந்த கணிதம், பரவல் வாரங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு விசேஷமும் நிகழாத வாரங்களையே தனக்கு ஆதாரமாகக் கொள்கிறது! சாதாரணம் இன்னதென்று அறியாதவனுக்கு அசாதாரணம் புலப்படுவதில்லை. ஆகையால்தான், பரபரப்பான நாட்களின் அறிக்கைகளைவிட, ஒன்றுமே நடவாத ஆனி மாதத்து வாரம் ஒன்றின் அறிக்கையை அதிகச் சிரத்தையோடு பாதுகாக்க வேண்டும் என்று என்னோடு வேலை செய்த இளைஞர்களுக்கு நான் ஓயாமல் சொல்லிவந்திருக்கிறேன்.

மரணம் மிகவும் தாமதமாக வரும் சாட்சி. ஒருவர் நோய்ப்பட்டு, மோசமடைந்து, இறந்து, பதிவும் ஆகி முடிவதற்குள் ஜுரம் ஊரைச் சுற்றிவந்துவிடும். ஆகவே உயிரோடு வைத்தியரிடம் வருகிறவர்களையே எண்ணத் தலைப்பட்டார்கள். பிரான்ஸ் தேசத்தில் 1984-இல் தொடங்கிய 'சாந்தினெல்' என்னும் காவல் அமைப்பில், சாதாரணக் குடும்ப வைத்தியர்கள் தாமாகவே முன்வந்து, திடீரென்று 39 டிகிரிக்கு மேல் ஜுரமும் உடல்வலியும் சுவாசத் தொல்லையுமாக வந்த நோயாளிகளின் எண்ணிக்கையை, இணையம் வீடுகளுக்கு வராத அக்காலத்திலேயே, தொலைபேசிக் கம்பியோடு இணைந்த 'மினிதெல்' என்னும் சிறு திரைக்கருவி வழியாக அனுப்பி வந்தார்கள். செர்ஃப்லிங்கின் அலைக்கோடு அங்கேயும் பயன்பட்டது.

இந்தியாவிலும் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடந்துவருகிறது. கிராமச் செவிலியருக்கு ஒரு படிவம், மருத்துவருக்கு ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று என்று வாரந்தோறும் எழுதி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இப்பொழுது அவை கணினி வழியாக அன்றன்றே வருகின்றன. அந்தக் காகிதப் படிவங்களோடு நெடுங்காலம் உறவாடிய எனக்கு, தீபாவளி வாரத்தின் நினைவு எப்போதும் முன்வந்து நிற்கிறது. ஐப்பசி மழை தொடங்கி, இருமல் ஒலி எங்கும் கேட்கும் சமயத்தில், அந்த ஒரு வாரம் மட்டும் எண்கள் சரிந்து விழும். நோய் குறைந்துவிட்டதா? இல்லை, பண்டிகை நாளில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஜனங்களுக்கு மனம் வராது, படிவம் அனுப்ப வேண்டியவர்களில் சிலரும் ஊருக்குப் போயிருப்பார்கள். அடுத்த வாரம் இரண்டு வாரத்து நோயாளிகளும் ஒருங்கே வந்து நிற்க, கோடு செங்குத்தாக ஏறும். பஞ்சாங்கத்தை மேசைமேல் வைத்துக்கொள்ளாமல் இவ்வேலையைச் செய்யலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதும், அதில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றாகா. வெறுமை என்றால் யாரும் பார்க்கவில்லை. பூஜ்யம் என்றால் ஒருவர் பார்த்தார், ஒருவரும் நோய்ப்படவில்லை. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்த்த கிராமச் செவிலியர் அம்மையார், ஒரு வாரமும் தவறாமல் அந்தப் பூஜ்யத்தைத் தெளிவாகப் போட்டு அனுப்புவார். "சார், ஒண்ணுமில்லேன்னாலும் எழுதிட்டேன், வந்து சேர்ந்துச்சா?" என்று தொலைபேசியிலும் கேட்பார். ஒரு கார்த்திகை மாதத்தில் அவருடைய படிவத்தில் ஏழு என்ற எண்ணும், ஓரத்தில் பென்சிலால் 'எல்லாம் விடுதிப் பிள்ளைகள்' என்ற குறிப்பும் இருந்தன. மாவட்டத்தின் மொத்தத் தொகையில் ஏழு என்பது ஒரு பொருட்டே அல்ல. எந்தக் கோட்டையும் அது தாண்டவில்லை. ஆனால் அத்தனை பூஜ்யங்களுக்குப் பின் வந்த ஏழு என்பதாலும், அந்தப் பென்சில் குறிப்பாலும், அன்றே தொண்டைச் சளி மாதிரிகள் எடுக்க ஏற்பாடாயிற்று. ஆய்வில் இன்ஃபுளுவென்சா என்றே முடிவு வந்தது. டெங்குவும் பிற விஷ ஜுரங்களும் உலவும் அதே மழைக்காலத்தில், எண் எதைக் காட்டினாலும் ஆய்வுக்கூடத்தின் வாக்கு இல்லாமல் ஃப்ளூ என்று பெயர் சூட்டுவது தகாது.

நேரம் நெருங்குகிறது. ஜனங்கள் இணையத்தில் தேடும் சொற்களைக்கொண்டே ஃப்ளூவை மதிப்பிட 2008-இல் கூகுள் நிறுவனம் செய்த முயற்சியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அது 2012-13 பருவத்தில் உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்து, 2015-இல் நிறுத்தப்பட்டது என்பதோடு விடுகிறேன். நமக்கு உடனடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. வடக்கே ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும், டில்லியில் ஆடி ஆவணி மழையிலும் உச்சத்தை அடையும் ஃப்ளூ, சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு உயருகிறது என்பதை, பல நகரங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த இத்தகைய எண்களே காட்டின. தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்குமாகையால், முதியோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கலந்து, புரட்டாசிக்குள் அதைப் போட்டுக்கொள்வது நலம். மழைக்காலத்தில் ஜுரம் கண்டால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இருந்துவிடாமல், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று காட்டிக்கொள்ளுங்கள். சிகிச்சையும் கிடைக்கும், அங்குள்ள பதிவேட்டில் உங்கள் வாரமும் எண்ணப்படும். இந்த ஐப்பசியில் எந்த ஊரின் கட்டமும் வெறுமையாக இராது என்று நம்புகிறேன்.